மருந்துக்கும் கலத்துக்கும் பொருத்தம் உண்டா?



விழுப்புரம் மாவட்டத்தில், மரக்காணத்தை அடுத்துக் கடலோரத்தில் எக்கியார்குப்பம் என்றொரு மீனவர் ஊர் இருக்கிறது. ஒரு பக்கம் வங்கக் கடல். மறுபக்கம் சற்றுத் தள்ளிப் போனால் கழுவெளியின் உப்பங்கழி நீரும் மரக்காணத்து உப்பளப் பாத்திகளும். கோடையில் அந்தப் பாத்திகளின்மேல் வெயில் பட்டுத் தெறிக்கும்போது கண் கூசும்.

அந்த ஊரிலிருந்து எங்கள் கல்லூரிக்கு வந்து படித்த மாணவி ஒருத்தி, சில ஆண்டுகளுக்கு முன், நான் விரவல் பற்றிப் பாடம் நடத்திக்கொண்டிருந்தபோது எழுந்து ஒரு கேள்வி கேட்டாள். அவளுடைய தந்தை உப்பளத் தொழிலாளி. ஒரு சாலை விபத்தில் அவருடைய கால் எலும்பு முறிந்துவிட்டது. முறிந்த எலும்பைச் சேர்த்துப் பிடிக்க உள்ளே ஓர் உலோகத் தகடு வைத்தார்கள். ஆனால் தகட்டைச் சுற்றிச் சீழ் பிடித்துக்கொண்டது. வாரக்கணக்கில் ஊசி போட்டும் புண் ஆறவில்லை.

"சார், சீழ் இருப்பது காலில். ஊசி போடுவது கையில். மருந்தை அந்த இடத்திலேயே கொண்டுபோய் வைத்துவிட்டால் என்ன?" என்று கேட்டாள்.

வகுப்பில் சிலர் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அது மிக நல்ல கேள்வி. "வைக்கலாம் அம்மா. அப்படி வைக்கிறார்கள் என்று படித்திருக்கிறேன்" என்றேன். "அப்படியானால் எல்லா மருந்தையும் எல்லாருக்கும் அப்படியே வைத்துவிடலாமே?" என்று அடுத்த கேள்வி வந்தது. அதற்கு அன்று என்னால் விடை சொல்ல முடியவில்லை. பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். அதையும், அதிலிருந்து எனக்கு ஏற்பட்ட கருத்தையும் இங்கே உங்களிடம் சொல்கிறேன்.

கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு மருந்து நல்லதா என்று மட்டும் கேட்பது பாதிக் கேள்வி. அதை எந்தக் கலத்தில் வைக்கிறோம், அந்தக் கலத்தோடு அது ஒத்துப்போகிறதா, எவ்வளவு வேகத்தில் எத்தனை நாள் அது வெளியே வருகிறது என்றும் கேட்டால்தான் கேள்வி முழுமையாகும். இந்தப் பொருத்தத்தைப் பாராமல் நுண்ணுயிர்க்கொல்லி மருந்தை உடலுக்குள் புதைத்து வைப்பது அந்த நோயாளிக்கும் நல்லதல்ல, நம் அனைவருக்கும் நல்லதல்ல.

திருமணத்துக்குப் பொருத்தம் பார்ப்பவர்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அந்தப் பொருத்தத்தில் உங்களுக்கு நம்பிக்கை இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். ஆனால் நான் சொல்லப்போகும் பொருத்தத்தை வெப்பமானியும் தராசும் கொண்டு அளந்து பார்க்க முடியும்.

உப்பளம் கற்பிக்கும் பாடம்

முதலில் உப்பளத்துக்குப் போவோம். ஒரு லிட்டர் கடல்நீரில் ஏறத்தாழ 35 கிராம் உப்புகள் கரைந்திருக்கின்றன. அதில் பெரும்பகுதி நாம் சமையலுக்குப் பயன்படுத்தும் சோடியம் குளோரைடு. அதோடு மக்னீசியம், கால்சியம், சல்பேட் முதலிய அயனிகளும் உண்டு. கையில் அள்ளிப் பார்த்தால் தண்ணீர் தெளிவாக இருக்கிறது. எல்லா அயனிகளும் சண்டையின்றி ஒரே வீட்டில் வாழ்கின்றன!

இந்த நீரைப் பாத்திகளில் விட்டு வெயிலில் காயவிடுகிறார்கள். தண்ணீர் ஆவியாகப் போகப் போகச் செறிவு கூடுகிறது. நீரின் அளவு ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்காகச் சுருங்கும்போது கால்சியமும் சல்பேட்டும் சேர்ந்து ஜிப்சமாகக் கீழே படிகின்றன. ஏறத்தாழ பத்தில் ஒரு பங்காகச் சுருங்கும்போதுதான் சமையல் உப்பு படியத் தொடங்குகிறது. உப்பை வாரி எடுத்தபின் மிஞ்சும் கசப்பு நீரில் மக்னீசிய உப்புகள் நிறைந்திருக்கும். அதையும் வற்றவிட்டால் உப்பு கசந்து கெட்டுவிடும். ஆகவே எந்த நீரை எந்தப் பாத்திக்கு எப்போது மாற்ற வேண்டும் என்பதில் உப்பளத் தொழிலாளி மிகக் கவனமாக இருப்பார். நீரின் வலுவை "டிகிரி" கணக்கில் அளந்து சொல்வார்கள்.

இதிலிருந்து நாம் தெரிந்துகொள்வது என்ன? ஒரு பொருள் கரைந்து நிற்குமா, வீழ்படிவாகுமா என்பது அந்தப் பொருளை மட்டும் பொறுத்ததன்று. உடன் இருப்பது எது, செறிவு எவ்வளவு, வெப்பநிலை என்ன என்பதையெல்லாம் பொறுத்தது.

இந்தக் கடற்கரையில் வாழும் ஒவ்வொரு வீட்டாரும் இன்னோர் உதாரணத்தையும் அறிவார்கள். உப்புத்தண்ணீர்க் கிணற்றில் குளித்தால் சோப்பு நுரைக்காது. நீரில் உள்ள கால்சியமும் மக்னீசியமும் சோப்போடு சேர்ந்து வெள்ளைத் திப்பியாகப் பிரிந்துவிடுகின்றன. சோப்பும் நல்லதுதான், கால்சியமும் உடலுக்கு வேண்டியதுதான். ஆனால் இரண்டுக்கும் பொருத்தம் இல்லை!

மருந்திலும் இப்படியே. டெட்ராசைக்ளின் மாத்திரையைப் பாலோடு விழுங்காதே என்று மருத்துவர் சொல்வது ஏன்? பாலில் உள்ள கால்சியம் அந்த மருந்தைப் பிடித்துக்கொள்கிறது. மருந்து குடலிலிருந்து இரத்தத்துக்குள் சரியாகச் சேர்வதில்லை. செஃப்ட்ரியாக்சோன் என்ற ஊசி மருந்தைக் கால்சியம் உள்ள கரைசலோடு கலந்தால் வீழ்படிவு உண்டாகும். பச்சிளங் குழந்தைகள் சிலர் இறந்து, அவர்களுடைய நுரையீரலிலும் சிறுநீரகத்திலும் இந்தப் படிவு காணப்பட்டதால், அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2007ஆம் ஆண்டில் எச்சரிக்கை விடுத்தது. உப்பளப் பாத்தியில் கால்சியம் சல்பேட்டைக் கண்டு படிந்தது போலவே, இங்கே அது மருந்தைக் கண்டு படிந்துவிட்டது. பாத்தியில் படிந்தால் வாரி எடுக்கலாம். குழந்தையின் நுரையீரலில் படிந்தால் என்ன செய்வது?

மருந்தை ஏன் உள்ளே வைக்க வேண்டும்?

இப்போது மாணவியின் முதல் கேள்விக்கு வருவோம். உலோகத் தகடு, செயற்கை மூட்டு போன்றவற்றின்மேல் ஒட்டிக்கொண்ட கிருமிகள் தங்களைச் சுற்றிக் கோந்து போன்ற ஒரு படலத்தைக் கட்டிக்கொள்கின்றன. அதற்கு உயிர்ப்படலம் என்று பெயர். தனியாக நீந்தும் கிருமியைக் கொல்லப் போதுமான மருந்து, படலத்துக்குள் இருக்கும் கிருமியைக் கொல்லப் போதாது. நூறு மடங்கு, சில வேளைகளில் ஆயிரம் மடங்குகூடத் தேவைப்படலாம்.

அவ்வளவு மருந்தை இரத்தத்தின் வழியாகச் செலுத்த முடியுமா? முடியாது. எடுத்துக்காட்டாக ஜென்டாமைசின் என்ற மருந்தைப் பாருங்கள். அளவு மீறினால் அது சிறுநீரகத்தைக் கெடுக்கும், காதின் கேட்கும் திறனையும் பறிக்கும். மேலும், செத்துப்போன எலும்புத் துண்டுக்கு இரத்த ஓட்டமே சரியாக இருக்காது. இரத்தம் போகாத இடத்துக்கு இரத்தத்தில் ஏற்றிய மருந்து எப்படிப் போய்ச் சேரும்?

ஆகவே, தொற்று உள்ள இடத்தில் மட்டும் மருந்தின் செறிவு மிக அதிகமாகவும், மற்ற இடங்களில் குறைவாகவும் இருக்க வேண்டும். அதற்கு மருந்தை ஒரு கலத்தில் அடைத்து அந்த இடத்திலேயே வைக்க வேண்டும். மாணவி கேட்டது முற்றிலும் சரியான கேள்வி. சரி, எந்தக் கலம்?

சிமெண்ட்டுக்குள் மருந்து

செயற்கை மூட்டுகளை எலும்போடு பிணைக்க மருத்துவர்கள் ஒருவகைச் சிமெண்ட்டைப் பயன்படுத்துகிறார்கள். நாம் வீடு கட்டும் சிமெண்ட் அன்று. பாலிமெத்தில் மெத்தாக்ரிலேட் என்ற பலபடி. தூளையும் திரவத்தையும் அறுவைச் சிகிச்சை அறையிலேயே குழைக்கிறார்கள். பத்து, பதினைந்து நிமிடத்தில் கல்லாக இறுகிவிடும்.

1970ஆம் ஆண்டில் ஜெர்மனியின் ஹாம்பர்க் நகர மருத்துவர் புக்கோல்ஸ் என்பவரும் அவருடைய உடனுழைப்பாளர் எங்கல்பிரெக்டும் இந்தச் சிமெண்ட்டில் ஜென்டாமைசினைக் கலந்து பயன்படுத்தியதைப் பற்றி எழுதினார்கள். அதன்பின் ஜெர்மனியிலேயே கிளெம் என்ற மருத்துவர், மருந்து கலந்த சிமெண்ட்டைச் சிறு மணிகளாக உருட்டிக் கம்பியில் கோத்து, சீழ் பிடித்த எலும்பின் குழிக்குள் வைத்தார். ஒவ்வொரு மணியும் ஏறத்தாழ 7 மில்லிமீட்டர் விட்டம். நம் ஊர்ப் பாசிமணி மாலை போலத்தான் இருக்கும்.

சரி, ஜென்டாமைசினை ஏன் தேர்ந்தெடுத்தார்கள்? வேறு மருந்து எதையாவது கலக்கக்கூடாதா? இங்கேதான் பொருத்தம் பார்க்க வேண்டியிருக்கிறது.

முதலாவது, வெப்பப் பொருத்தம். சிமெண்ட் இறுகுவது வெப்ப உமிழ் வினை. ஆய்வுக்கூடத்தில் கட்டியாக இறுகவிட்டால் அதன் நடுப்பகுதி 80 டிகிரி செல்சியசையும் தாண்டும். அந்தச் சூட்டைத் தாங்கும் மருந்தாக இருக்க வேண்டும். ஜென்டாமைசின், டோப்ராமைசின், வான்கோமைசின் ஆகியவை தாங்குகின்றன. டெட்ராசைக்ளின் போன்றவை தாங்குவதில்லை.

இரண்டாவது, இறுகும் பொருத்தம். காசநோய்க்குத் தரும் ரிஃபாம்பிசின் மருந்தை நீங்கள் அறிந்திருக்கலாம். சிறந்த மருந்து. உயிர்ப்படலத்தில் உள்ள கிருமிகளையும் தாக்க வல்லது. ஆனால் அதைச் சிமெண்ட்டில் கலந்தால் சிமெண்ட்டே சரியாக இறுகாது! பலபடிச் சங்கிலி வளர்வதை அது தடுத்துவிடுகிறது.

மூன்றாவது, வலிமைப் பொருத்தம். மூட்டைத் தாங்கும் சிமெண்ட் நம் உடல் எடையையும் சேர்த்துத் தாங்க வேண்டும். அளவுக்கு மேல் மருந்துத் தூளைக் கலந்தால் சிமெண்ட் பலவீனமாகும். மருந்தை நீரில் கரைத்துக் கலந்தால் இன்னும் மோசம். உள்ளே துளைகள் உண்டாகி எளிதில் உடையும். எனவேதான் மூட்டைத் தாங்கும் சிமெண்ட்டில் கொஞ்சமாகவும், எடை தாங்க வேண்டாத மணிகளில் அதிகமாகவும் கலக்கிறார்கள்.

நான்காவது, வெளியேறும் பொருத்தம். நீரில் நன்றாகக் கரையும் மருந்துதான் சிமெண்ட்டின் நுண்துளைகள் வழியாக விரவி வெளியே வரும். அப்படியும் முழுவதும் வருவதில்லை. மூட்டுச் சிமெண்ட்டில் வைத்த மருந்தில் பத்தில் ஒரு பங்குகூட வெளியே வருவதில்லை என்று பல ஆய்வுகள் காட்டுகின்றன. மற்றதெல்லாம் உள்ளே சிறைப்பட்டே கிடக்கும்.

பம்புக்குள் மருந்து

இன்னொரு வகைக் கலம், தோலுக்கு அடியில் பொருத்தும் சிறு பம்பு. 1970களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் பிளாக்ஷியர், புக்வால்ட் ஆகியோர் உருவாக்கிய பம்பில் மின்கலம்கூடக் கிடையாது. அது எப்படி இயங்குகிறது? அதில் இரண்டு அறைகள். ஒன்றில் மருந்து. மற்றதில் எளிதில் ஆவியாகும் ஒரு திரவம். மாறாத வெப்பநிலையில் ஒரு திரவத்தின் ஆவியழுத்தமும் மாறாது என்று படித்திருக்கிறீர்கள் அல்லவா? நம் உடலின் வெப்பநிலை ஏறத்தாழ 37 டிகிரியில் நிலையாக இருக்கிறது. ஆகவே அந்த ஆவி, மருந்து அறையைச் சீரான அழுத்தத்தில் நெருக்கி மருந்தை மெல்ல வெளியேற்றுகிறது. மருந்து தீர்ந்ததும் தோலின்மேல் ஊசி குத்தி நிரப்புகிறார்கள். நிரப்பும் அழுத்தத்தில் ஆவி மீண்டும் திரவமாகிவிடும். பாடநூலில் இரண்டு வரியில் படிக்கும் ஒரு விதி, இங்கே ஓர் உயிரைக் காக்கிறது!

1980களில் அமெரிக்காவில் சில எலும்பு மருத்துவர்கள் இத்தகைய பம்புகளைக் கொண்டு அமிக்கசின் என்ற மருந்தை எலும்புத் தொற்று உள்ள இடத்துக்கே செலுத்திப் பார்த்தார்கள். பென்சிலினை ஏன் நிரப்பவில்லை? அதுவும் பொருத்தத்தைப் பொறுத்ததே. பம்பில் மருந்து நீரில் கரைந்து, 37 டிகிரியில், வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும். பென்சிலின் இனத்து மருந்துகள் நீரில் நீண்டநாள் நிற்பதில்லை. நீரோடு வினைபுரிந்து சிதைகின்றன. ஆம்பிசிலின் ஊசி மருந்து ஏன் குப்பியில் தூளாக வருகிறது என்று யோசித்திருக்கிறீர்களா? கரைத்தபின் ஒரு மணி நேரத்துக்குள் போட்டுவிட வேண்டும் என்பதுதான் காரணம். அமிக்கசின், ஜென்டாமைசின் போன்றவை கரைசலில் நிலைத்து நிற்கின்றன.

நிலைத்து நிற்கும் ஜென்டாமைசினுக்கும் ஒத்துவராத துணை உண்டு. மினசோட்டா பம்பை முதலில் எதற்குப் பயன்படுத்தினார்கள் தெரியுமா? இரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெப்பாரினைச் செலுத்தத்தான். ஹெப்பாரின் மூலக்கூறு வலுவான எதிர்மின்சுமை கொண்டது. ஜென்டாமைசின் நேர்மின்சுமை கொண்டது. இரண்டையும் ஒரே கரைசலில் கலந்தால் ஒன்றையொன்று இழுத்துப் பிடித்துக்கொண்டு வீழ்படிவாகின்றன. மயிரிழை போன்ற குழாய் அடைபட அந்தப் படிவே போதும். எதிரெதிர் மின்சுமைகள் கவரும் என்பதை நாம் ஆறாம் வகுப்பிலேயே சீப்பையும் காகிதத் துண்டையும் வைத்துப் பார்த்துவிட்டோம். அதே விதிதான்.

மீண்டும் ஜிப்சம்

சிமெண்ட் மணிகளை வேலை முடிந்ததும் மறுபடி அறுத்து எடுக்க வேண்டும். தானே கரைந்து மறையும் கலம் இருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்! இருக்கிறது. அது எதனால் ஆனது என்று எண்ணுகிறீர்கள்? கால்சியம் சல்பேட்! உப்பளத்தில் உப்புக்கு முன்னால் படிகிறதே, அதே ஜிப்சம்தான்.

ஜிப்சத்தைச் சூடாக்கி நீரின் ஒரு பகுதியை நீக்கினால் பாரிஸ் சாந்து கிடைக்கும். அதில் நீர் சேர்த்தால் மீண்டும் இறுகும். 1892ஆம் ஆண்டிலேயே ஜெர்மானிய மருத்துவர் டிரீஸ்மன் என்பவர் பாரிஸ் சாந்தில் கார்பாலிக் அமிலக் கரைசலைக் கலந்து எலும்புக் குழிகளை நிரப்பினார். இன்று மிகத் தூய்மையான கால்சியம் சல்பேட்டில் வான்கோமைசின், ஜென்டாமைசின் முதலியவற்றைக் கலந்து மணிகளாக்கி வைக்கிறார்கள். சில வாரங்களில் மணி கரைந்துவிடும். உள்ளே இருந்த மருந்தும் முழுவதும் வெளிவந்துவிடும். ஆனால் அந்த மணியால் எடை தாங்க முடியாது. சிலருக்குப் புண்ணிலிருந்து நீர் கசியும், இரத்தத்தில் கால்சியம் கூடுவதும் உண்டு. எந்தக் கலமும் எல்லா வகையிலும் பொருந்திவிடுவதில்லை.

(பாத்தியில் கிடைக்கும் ஜிப்சத்தைப் புண்ணில் வைத்துவிடாதீர்கள்! மருத்துவமனைக்குச் செல்வது கிருமி நீக்கிய, மிகத் தூய பொருள்.)

மெல்லக் கசிவதில் உள்ள ஆபத்து

மருந்து உள்ளே இருப்பது நல்லதுதானே, எத்தனை நாள் வேண்டுமானாலும் இருந்துவிட்டுப் போகட்டுமே என்று தோன்றும். இந்த இடத்தில்தான் நான் மிகவும் வற்புறுத்திச் சொல்ல விரும்புவது இருக்கிறது.

திண்மப் பொருளிலிருந்து விரவி வெளிவரும் மருந்தின் மொத்த அளவு, பெரும்பாலும் காலத்தின் வர்க்கமூலத்துக்கு நேர்விகிதத்தில் இருக்கும். முதல் நாளில் ஒரு பங்கு வந்தால், இரண்டு பங்கு வர நான்கு நாள் ஆகும். மூன்று பங்கு வர ஒன்பது நாள். அதாவது தொடக்கத்தில் வெள்ளம், பிறகு சொட்டு, அதன்பின் வெறும் ஈரம். அந்த ஈரம் மிக நீண்டகாலம் நீடிக்கும். ஐந்து ஆண்டுகள் உடலுக்குள்ளேயே இருந்துவிட்ட சிமெண்ட் மணிகளிலிருந்து அப்போதும் ஜென்டாமைசின் கசிந்துகொண்டிருந்ததை நெதர்லாந்து ஆய்வாளர்கள் 2003ஆம் ஆண்டில் எழுதினார்கள். அதே மணிகளின்மேல் ஜென்டாமைசினுக்கு அடங்காத கிருமிகளும் இருந்தன!

கிருமியைக் கொல்லப் போதாத அளவு மருந்து, கிருமிக்குப் பள்ளிக்கூடம். பென்சிலினைக் கண்டறிந்த அலெக்சாண்டர் ஃப்ளெமிங், 1945ஆம் ஆண்டில் தம் நோபல் உரையிலேயே இந்த ஆபத்தைச் சுட்டிக்காட்டினார். நாம் கேட்டோமா?

நம் தமிழ்நாட்டுக்கு இது தொலைவில் நடக்கும் கதை அன்று. 2010ஆம் ஆண்டில், சென்னைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கார்த்திகேயன் குமாரசாமி முதல் ஆசிரியராக இருந்த ஓர் ஆய்வுக் கட்டுரை உலகத்தையே திரும்பிப் பார்க்க வைத்தது. மிக வலுவான நுண்ணுயிர்க்கொல்லிகளையும் சிதைத்துவிடும் என்டிஎம்-1 என்ற நொதியைத் தரும் மரபணு, சென்னையில் சேகரித்த கிருமி மாதிரிகளில் 44இல் இருந்ததாக அது தெரிவித்தது. அரியானாவிலும் இங்கிலாந்திலும்கூட அத்தகைய மாதிரிகள் கிடைத்தன. 2012ஆம் ஆண்டில் மருத்துவச் சங்கங்கள் சென்னையில் கூடி, நுண்ணுயிர்க்கொல்லிகளைக் காப்பதற்கான செயல்திட்டத்தை வகுத்தன. சென்னைப் பிரகடனம் என்று அது பெயர் பெற்றது. 2014 மார்ச் முதல், சில முக்கியமான மருந்துகளை மருத்துவரின் சீட்டின்றி விற்காமலும், விற்றதைப் பதிவேட்டில் எழுதியும் வைக்க வேண்டும் என்ற விதி நாடெங்கும் நடைமுறைக்கு வந்தது.

கடையில் விற்கும் மாத்திரைக்குக் கணக்கு வைக்கிறோம். உடலுக்குள் வைத்து, மாதக்கணக்கில் கசியும் மருந்துக்கும் அதே அக்கறை வேண்டாமா?

அப்படியானால் வைக்கவே கூடாதா?

நான் அப்படிச் சொல்லவில்லை. பொருத்தம் பார்த்து வைத்தால் எவ்வளவு நன்மை என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு. சில குழந்தைகளுக்கு மூளையில் நீர் தேங்கித் தலை பெருக்கும். அந்த நீரை வடிக்கச் சிலிக்கோன் ரப்பர்க் குழாய் ஒன்றை உள்ளே வைப்பார்கள். குழாயில் கிருமி பற்றினால் பெரும் துன்பம். இங்கிலாந்தின் நாட்டிங்காம் நகரில் ரோஜர் பேஸ்டன் என்பவர், ஒரு கரைப்பானில் ரப்பரை உப்பவைத்து, அதற்குள் ரிஃபாம்பிசினையும் கிளிண்டாமைசினையும் புகுத்தும் முறையை உருவாக்கினார். கவனித்தீர்களா? சிமெண்ட்டோடு சேராத அதே ரிஃபாம்பிசின், சிலிக்கோனோடு நன்றாகச் சேர்ந்துகொண்டது!

அது உண்மையிலேயே பயன் தருகிறதா என்று பிரிட்டனிலும் அயர்லாந்திலும் 1,605 நோயாளிகளிடம் சோதித்தார்கள். முடிவு 2019ஆம் ஆண்டில் வெளிவந்தது. சாதாரணக் குழாய் வைத்தவர்களில் 6 விழுக்காட்டினருக்குத் தொற்று ஏற்பட்டதால் குழாயை மாற்ற வேண்டியிருந்தது. மருந்து ஏற்றிய குழாய் வைத்தவர்களில் 2 விழுக்காட்டினருக்கு மட்டுமே. வெள்ளி ஏற்றிய குழாயும் சோதிக்கப்பட்டது. அதில் பயன் எதுவும் தெரியவில்லை. அதே 6 விழுக்காடுதான். கிருமியை வெள்ளி கொல்லும் என்பது எல்லாருக்கும் தெரியும். ஆனால் அந்தக் குழாயில், அந்த இடத்தில் வைத்தபோது அது உதவவில்லை. சோதித்துப் பார்த்ததால்தான் தெரிந்தது.

"ஆபத்தில் இருக்கும் நோயாளியின்முன் சோதனை, அளவு என்று பேசிக்கொண்டிருக்க முடியுமா? ஆலையில் கலந்து வரும் சிமெண்ட் விலை அதிகம், மருத்துவரே கையால் கலந்து வைத்தால் ஏழைக்கு உதவுமே" என்று சிலர் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். கையால் கலப்பது தவறு என்று நான் சொல்ல மாட்டேன். அது உலகெங்கும் நடக்கும் முறை, அதனால் பலர் நடமாடுகிறார்கள். ஆனால் ஏழைக்குத் தரும் கலவையும் அளந்து பார்த்த கலவையாக இருக்க வேண்டும். எந்த மருந்து, எத்தனை கிராம், எத்தனை நாளில் எவ்வளவு வெளிவரும், எப்போது எடுக்க வேண்டும் என்ற கணக்கை நம் கல்லூரிகளின் ஆய்வுக்கூடங்களிலேயே அளந்து தர முடியும். அதற்குக் கோடிக்கணக்கில் பணம் வேண்டியதில்லை. ஒரு வெந்நீர்த் தொட்டி, ஒரு நிறமாலை ஒளிமானி, பொறுமை ஆகியவை போதும். புதிய நுண்ணுயிர்க்கொல்லிகள் அரிதாகவே கிடைக்கும் இக்காலத்தில், பழைய மருந்தைச் சரியான கலத்தில் வைப்பதும் புதிய மருந்தைக் கண்டுபிடிப்பதற்கு ஈடான தொண்டு என்றே நான் கருதுகிறேன்.

செய்து பாருங்கள்

நீங்களும் ஒரு சோதனை செய்யலாம். மருந்து வேண்டாம், உணவுக்குச் சேர்க்கும் சிவப்புச் சாயமே போதும். கடையில் பாரிஸ் சாந்து வாங்கி, சாயம் கலந்த நீரில் குழைத்துச் சிறு மணிகளாக உருட்டுங்கள். உருகிய மெழுகிலும் அதே சாயத்தூளைக் கலந்து மணிகள் செய்யுங்கள். மெழுகை உருக்கும்போது பெரியவர் ஒருவர் உடன் இருக்கட்டும். சாந்து இறுகும்போது கிண்ணத்தின் வெளிப்புறத்தைத் தொட்டுப் பாருங்கள்; சூடு தெரியும். இறுகும் சாந்துக்குள் கையை விடாதீர்கள், புண்ணாகிவிடும்.

மறுநாள், சம அளவு நீர் உள்ள இரண்டு கண்ணாடிக் குவளைகளில் இரண்டு வகை மணிகளையும் தனித்தனியாகப் போடுங்கள். நாள்தோறும் ஒரே நேரத்தில் நீரின் நிறத்தைப் பாருங்கள். தெரிந்த அளவு சாயம் கலந்த சில குவளைகளை வரிசையாக வைத்துக்கொண்டால் நிறத்தை ஒப்பிட்டு அளவு சொல்லலாம். வந்த சாயத்தின் அளவை ஒருமுறை காலத்துக்கு எதிராகவும், மறுமுறை காலத்தின் வர்க்கமூலத்துக்கு எதிராகவும் வரைபடமாக வரையுங்கள். எது நேர்கோட்டுக்கு அருகில் வருகிறது? எந்த மணியில் சாயம் உள்ளேயே சிறைப்பட்டது? பத்தாம் நாளில் மணியை உடைத்து உள்ளே பாருங்கள்.

நான் சொன்னதை அப்படியே நம்ப வேண்டாம். உங்கள் குவளை என்ன சொல்கிறது என்று பாருங்கள்.

அந்த மாணவியின் தந்தைக்கு என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். மருத்துவர்கள் காலைத் திறந்து தகட்டை எடுத்து, கெட்டுப்போன எலும்பை நீக்கி, மருந்து கலந்த சிமெண்ட் மணிகளை வைத்தார்கள். சில வாரங்கள் கழித்து மணிகளை எடுத்துவிட்டார்கள். அடுத்த ஆண்டு உப்புக் காலத்தில் அவர் மீண்டும் பாத்தியில் இறங்கினார். சற்று நொண்டித்தான் நடக்கிறார். அவர் குணமானதற்கு மணிகள்தான் காரணமா, கெட்ட எலும்பை நீக்கியது காரணமா என்று ஒருவரை மட்டும் வைத்து முடிவு சொல்ல முடியாது. அந்த மாணவியே என்னிடம் அப்படித்தான் சொன்னாள். கேள்வி கேட்கத் தெரிந்தவளுக்கு விடையை எடைபோடவும் தெரிந்திருக்கிறது.

அடுத்த முறை கிழக்குக் கடற்கரைச் சாலையில் மரக்காணத்தைக் கடந்து போகும்போது, வரப்போரம் படிந்திருக்கும் ஜிப்சத்தையும், குவித்து வைத்த வெள்ளை உப்பையும் பாருங்கள். எதோடு எது சேரும், எப்போது பிரியும் என்ற கேள்வியை அங்கே வெயிலில் நிற்பவர்கள் நாள்தோறும் கேட்கிறார்கள். மருந்துக் குப்பியைப் பார்க்கும்போது நீங்களும் அதே கேள்வியைக் கேளுங்கள்.